ராமேஸ்வரம் போறீங்களா? எங்கே சாப்பிடுவீங்க... எப்போ சாப்பிடுவீங்க?

"டாக்டர், அடுத்த வாரம் ராமேஸ்வரம் போறோம். அங்கே சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?"

தை அமாவாசை, ஆடி அமாவாசை நெருங்கினால் போதும். மருந்து வாங்க வருகிறவர்களில் பத்துப் பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் நானும் சட்டென்று இரண்டு ஓட்டல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

காரணம், என் அக்கா.

2019 ஆடி அமாவாசைக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு அப்போது 61 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. இங்கிலீஷ் மாத்திரைதான் சாப்பிடுகிறாள். முதல் நாள் ராத்திரி 8 மணிக்கு இரண்டு இட்லி. "தீர்த்தமாடி சாமி பார்க்காம பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சரி, அம்மா காலத்து வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் விடியற்காலையில் எழுந்ததும் பழக்கத்தில் மாத்திரையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, கரையில் தர்ப்பணம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். அமாவாசைக் கூட்டம், கேட்கணுமா? ஒவ்வொரு கிணற்றிலும் வாளித் தண்ணீர் தலையில் விழுகிறது. ஈரப் புடவையோடு அடுத்த கிணற்றுக்கு ஓட்டம். பதினேழாவது கிணற்றைத் தாண்டும்போது மணி ஒன்பதரை இருக்கும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய் தம்பி, யாரு இவங்கல்லாம்?" என்றாள். கை நடுங்குகிறது. நெற்றியில் வியர்வை. குளித்த ஈரம் என்றுதான் முதலில் நினைத்தேன்... தொட்டுப் பார்த்தால், ஜில்லென்ற பிசுபிசுப்பு!

இருபது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்க்கிறவன். தோள்பையில் திரிகடுகு சூரணம் இருக்கிறது, அமுக்கரா இருக்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை. பின்னால் வந்த வடநாட்டு அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கற்கண்டைக் கொடுத்தார். நாலைந்து துண்டு கடித்து மென்று, பத்து நிமிஷத்தில்தான் அக்கா முகத்துக்கு உயிர் வந்தது. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு இந்தி தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி 8 மணியிலிருந்து காலை 9.30 வரை பதின்மூன்றரை மணி நேரம் வெறும் வயிறு. உள்ளே சர்க்கரையை இறக்கும் மாத்திரை. வெளியே குளிர்ந்த தண்ணீர், நடை, நெரிசல். மயக்கம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்!

அதனால், ராமேஸ்வரத்தில் முதல் சாப்பாடு ஓட்டலில் இல்லை. லாட்ஜ் அறையிலேயே தொடங்குகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம், "அன்னிக்கு விடியற்காலையில எப்படிப் போட்டுக்கறது?" என்று கேட்டுவிடுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சாப்பிடாமல் போட்டுக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள். இடுப்பிலோ பையிலோ ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று நாலு ஸ்பூன் உடனே வாயில். கால் மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும்.

விரதம்? அன்றைக்கே கரையில் இருந்த ஒரு புரோகிதரிடம் கேட்டேன். "நோயாளி, வயசானவா, பிள்ளைத்தாச்சி... இவாளுக்கெல்லாம் விரதத்துல விலக்கு உண்டு ஓய். சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்" என்று சிரித்தார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

கோயிலைச் சுற்றி

தீர்த்தமாடியவுடன் என்ன சாப்பிடுவது? ஒன்றரை மணி நேரம் ஈரத்தில் நின்ற உடம்பு. எங்கள் சித்த வைத்தியத்தில் சொன்னால், வெளியே கபம் ஏறி நிற்கும். உள்ளே பசித்தீ மந்தமாக இருக்கும். முதலில் துணியை மாற்றுங்கள். ஈரத் துணியோடு மூலவர் சன்னதிக்கு விடவும் மாட்டார்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு சுக்கு காபி. அதன்பிறகு இட்லி, அல்லது மிளகு தூக்கலாகப் போட்ட சூடான வெண்பொங்கல். பூரி, வடை, எலுமிச்சை ஜூஸ், தயிர்சாதம் எல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா, சைனஸ்காரர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்.

கடை? சன்னதித் தெருவிலும் ரத வீதிகளிலும் சைவ ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. எது நல்லது என்று நான் பார்க்கும் முறை ரொம்ப சாதாரணம். எந்தக் கடையில் இட்லிப் பானையிலிருந்து ஆவி நிற்காமல் வருகிறதோ, அங்கே உட்காருவேன். கூட்டமுள்ள கடையில் சாம்பார் பழசாக நேரமிருக்காது. அமாவாசை மறுநாள் மட்டும் உஷார்! முந்தின நாள் கூட்டத்துக்கு அரைத்த மாவும் சட்னியும் மிச்சம் இருக்கும். தேங்காய்ச் சட்னியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. காசி யாத்திரைக்காரர்கள் வருகிற ஊர் என்பதால் இந்தி போர்டு போட்ட சாப்பாட்டுக் கடைகள் ஏராளம். குஜராத்தி, ராஜஸ்தானிச் சமையல். கோதுமை சுக்கா ரொட்டியைச் சுடச்சுடத் தட்டிப் போடுவார்கள், கூடவே பருப்பு, ஒரு காய். ராத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு அந்த ஊரில் கிடையாது என்பேன். நெய்யை மட்டும் "வேண்டாம்" என்று கையால் மறைத்துக்கொள்ளுங்கள், கேட்காமலே ஊற்றிவிடுவார்கள்! கோயிலில் அன்னதானமும் உண்டு. எளிய சாப்பாடு, வயிற்றுக்கு வம்பில்லை.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு

தீவுக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. திதி கொடுத்த அன்று பெரும்பாலோர் தொடமாட்டார்கள். மறுநாள் திரும்பும் வழியில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வண்டியை நிறுத்துவார்கள். நல்ல யோசனைதான். சங்கரா, பாறை, விளமீன், முரல் என்று கரையில் இறங்கியது அப்படியே அடுப்புக்கு வரும். நீலக்கால் நண்டு இந்தக் கடலின் செல்வம். சளிக்காரர்களுக்கு மிளகு போட்ட நண்டு ரசம் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாமல் ஒரு தடவை உடம்பு தடித்தவர்கள், "கொஞ்சூண்டு ருசி பார்க்கிறேன்" என்று விஷப்பரீட்சை செய்யவேண்டாம். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும்போது மூச்சுத்திணறல் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான் வரும். விலையும் எகிறும். தட்டில் இருப்பது வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனாகவும் இருக்கலாம். கண் பளபளப்பாகப் புடைத்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்பினால் புது மீன். கடை வாசலில் சிவப்பு மசாலாவைப் பூசி அடுக்கியிருந்தால் இதில் எதைப் பார்ப்பது? "மசாலா தடவாததைக் காட்டுங்க, இதைப் பொரிச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். தயங்குகிற கடையில் நான் சாப்பிடுவதில்லை.

சூரை, சீலா, மத்தி போன்ற மீன்களை ஐஸில்லாமல் வெயிலில் போட்டுவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்று குத்தினால் தட்டை ஒதுக்கிவிடுங்கள். மீனும் தயிரும் சேர்க்காதே என்பது எங்கள் மரபு. சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் மீன்குழம்புக்கு மேல் மோர் கேட்பவருக்குப் புளிரசத்தையே சிபாரிசு செய்வேன்.

தனுஷ்கோடியில்

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22 ராத்திரி வீசிய புயலில் அழிந்த ஊர். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டதால் கூட்டம் கூடிவிட்டது. அங்கே கீற்றுக் கொட்டகையில் மீன் பொரித்துத் தரும் பெண்கள், அந்தக் கடலையே நம்பியிருக்கும் மீனவக் குடும்பத்தினர். மீன் பெரும்பாலும் அன்றைய மீன்தான். நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணெயை! கறுத்துக் கெட்டியாக இருந்தால் வறுவலை விட்டு, சோறும் குழம்பும் கேளுங்கள். காலை பதினோரு மணிக்குள் போனால் எண்ணெய் புதிதாக இருக்கும்.

அங்கே மணலைக் கையால் தோண்டினாலே குடிக்கிற தண்ணீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட லேசானது. அதனால் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. பார்க்க அதிசயம்தான். ஆனால் ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் மேலாக ஊறும் தண்ணீர் அது. குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

வெயிலுக்கு நுங்கு சாப்பிடுங்கள், தோலில் ஒட்டும் துவர்ப்போடு. பதநீர் நல்லது, ஆனால் காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். ஒரு விஷயம்... "கருப்பட்டிதானே டாக்டர், அது மூலிகை மாதிரி" என்று சொல்லிக்கொண்டு தங்கச்சிமடத்தில் கிலோக் கணக்கில் வாங்குகிற சர்க்கரை நோயாளிகளே! சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், கருப்பட்டியும் சர்க்கரைதான். பதநீரும் அப்படித்தான். பேரப்பிள்ளைகளுக்கு வாங்குங்கள்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து, ரயில் மறுபடி தீவுக்குள் ஓட ஆரம்பித்ததும், அக்கா "ஒரு தடவை போயிட்டு வரலாம்டா" என்றாள். போனோம். விடியற்காலை நாலரைக்கு லாட்ஜ் அறையில் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த மிளகாய்ப்பொடி இட்லியை எடுத்தாள். கோபுரம் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. "ராமநாதா, நான் சாப்பிடறேன். எல்லாம் இவன் சொல்லித்தான், ஏதாவது கேக்கறதா இருந்தா இவனையே கேட்டுக்கோ" என்றபடி முதல் இட்லியைப் பிட்டாள்.