எண்ணி நகரும் பொறியும் பார்த்து நகரும் பொறியும்

ஆலைகளில் மனிதக் கை செய்துவந்த வேலைகளுள் பல இன்று தானியங்கிப் பொறிகளின் பொறுப்பில் உள்ளன. பெட்டியைத் தள்ளுதல், புட்டிக்கு மூடியிடுதல், தகட்டைத் துளையிடும் இடத்தில் நிறுத்துதல் ஆகியவை நேர்கோட்டு அசைவுகள். மோட்டாரோ சுழல மட்டுமே அறியும். ஆகவே அதன் தண்டோடு திருகு ஒன்றைப் பிணைத்து, அதன்மேல் மரையை ஓடவிடுகின்றனர். திருகு சுழல, மரை நேராக நகர்கிறது. இவ்வமைப்பை நேரியக்கி எனலாம்.

இதனை இயக்கப் பெரிதும் பயன்படும் மோட்டார்கள் இரண்டு. ஒன்று ஸ்டெப்பர், மற்றொன்று சர்வோ. முன்னதைப் படிமோட்டார் என்றும், பின்னதை ஏவல் மோட்டார் என்றும் தமிழில் வழங்கலாம். சர்வோ என்பது, அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ 1873-இல் வெளியிட்ட நூலில் இப்பெயரைக் கையாண்டார். கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறியைப் பற்றியது அந்நூல்.

படிமோட்டார் எண்ணி நகர்வது. வழக்கிலுள்ள வகை ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழலும். ஒரு படி 1.8 பாகை. சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகோடு இணைத்தால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர் நகரும். அமைப்பு எளிது; விலையும் குறைவு.

ஆனால் இட்ட கட்டளை நிறைவேறியதா என்று அது பார்ப்பதில்லை. சொல்வதெழுதும் வேளையில் மாணவன் ஒரு சொல்லை விட்டுவிட்டால், ஏட்டைப் பாராத ஆசிரியருக்கு அது தெரியாதல்லவா? அதுபோலவே சுமை மிகும்போது படி தவறும். தவறினால் பெரும்பாலும் நான்கு நான்காகவே தவறும். ஒருமுறைக்கு 0.1 மில்லிமீட்டர் சிறிதே. ஐம்பது முறை ஒரே திசையில் தவறினால் பிழை 5 மில்லிமீட்டராகும். பொறியோ பிழையறியாது ஓடிக்கொண்டிருக்கும். கெட்ட பொருள்கள் குவிந்தபின்பே நாம் அறிவோம்.

ஏவல் மோட்டார் பார்த்து நகர்வது. அதன் தண்டிலுள்ள உணர்கருவி, இருக்கும் இடத்தை இடையறாது தெரிவிக்கிறது. கட்டுப்படுத்தி அதனைக் கட்டளையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்துகிறது. திருத்த இயலாதபோது பிழையென அறிவித்து நின்றுவிடும். இதுவே பின்னூட்டம். குறையும் உண்டு: விலை மிகுதி, சுமைக்கேற்பக் கட்டுப்படுத்தியைச் சரிசெய்யாவிடில், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது நடுங்கும்.

எதைத் தெரிவது? வேகத்தைக் கணக்கிடுக. மேற்சொன்ன திருகில் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர, நிமிடத்திற்கு 300 சுற்றுப் போதும். சுமையும் மாறாதது எனின் படிமோட்டாரே தக்கது. நொடிக்கு 250 மில்லிமீட்டர் வேண்டுமெனின் 3000 சுற்றாகும். வேகம் கூடக்கூடப் படிமோட்டாரின் முறுக்குவிசை வெகுவாகக் குறைந்துவிடும். ஏவல் மோட்டாரோ அவ்வேகத்திலும் விசை குன்றாது. அடிக்கடி மாறும் சுமைக்கும் அதுவே ஏற்றது. படிமோட்டாரைத் தெரிந்தால், அதன் விசையில் ஏறத்தாழப் பாதியையே கணக்கில் கொள்வது நல்லது. உணர்கருவி பொருத்திய படிமோட்டார் என்னும் இடைவழியும் உண்டு.

செங்குத்தாகச் சுமை தூக்கும் பொறியில் இன்னொன்றையும் மறத்தலாகாது. மின்சாரம் நின்றால் இரண்டுமே பிடியை இழக்கும். வழுக்கியோடும் திருகாயின் சுமை கீழிருப்பவர் கைமேல் விழும். ஆகவே பிரேக் இன்றியமையாதது.

விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் இக்கேள்விகளைக் கேட்பதில்லை. பிழை நேர்ந்தால் எவ்வாறு அறிவோம் என்பதையே முதலிற் கேட்க வேண்டும். பொறியியல் பயிலப்போகும் நம் மாணவருக்கு இக்கேள்வியைத் தமிழிலேயே பழக்கிவிடுதல் ஆசிரியர் கடன்.