இணையவழிக் கல்வி: சேருமுன் அறிய வேண்டுவன

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகுங் காலத்தில், சில புள்ளிகளாற் பல்கலைக்கழக அனுமதியை இழந்த பிள்ளைகள் நம்மிடம் வந்து, "ஐயா, இணையவழியிற் படிக்கலாமா?" என்று வினவுவதுண்டு. படிக்கலாம் என்பதே நம் விடை. ஆயினும், சேர்ந்தபின் வருந்துவதினும் சேருமுன் ஆராய்தல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பழைய மாணவர் ஒருவர், ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை நம்பிப் பட்டப் படிப்பிற் சேர்ந்தார். தாயார் தம் காப்புகளை அடைவு வைத்துக் கட்டணஞ் செலுத்தினார். மகனோ இரவு பகலாக உழைத்துச் சான்றிதழும் பெற்றார். அரச பதவியொன்றிற்கு விண்ணப்பித்தபோதுதான் அஃது அங்கீகாரம் பெறாத பட்டம் என்பது தெரியவந்தது. அம்மாணவர் சோம்பர் அல்லர். அவர் கேளாது விட்டது ஒரே கேள்விதான். அவர் விடைபெற வந்த நாளில் நாமும் அதனைக் கேட்டோமல்லோம், வாழ்த்தி அனுப்பினோம். அக்குறையே இதனை எழுதத் தூண்டியது.

வீட்டிலிருந்து கற்றல் நமக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே கல்லூரிக்கு வராதோர்க்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. அவ்வழியே வெளிவாரி மாணவராய்ப் பட்டம் பெற்ற ஆசிரியர் ஈழத்திற் பலர். 1980 ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது; நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உள. ஆகவே வழியிற் குறையில்லை. நிறுவனத்தைத் தெரிவதிலேயே கவனம் வேண்டும்.

முதலாவது, அங்கீகாரம். இந்நாட்டில் அரசு சாராத நிறுவனம் பட்டம் வழங்க வேண்டுமாயின், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். பிறநாட்டுப் பட்டமெனின், அஃது இங்கு ஏற்கப்படுமா எனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்து மூலங் கேட்டறிக. தொழிற்பயிற்சிக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உண்டு. முகவரின் வாய்மொழி சான்றாகாது.

இரண்டாவது, பாடநெறிச் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. சில வாரப் பாடநெறி அறிவைப் பெருக்கும், பட்டத்திற்கு ஈடாகாது.

மூன்றாவது, முழுச் செலவு. பதிவுக் கட்டணம் மாத்திரமன்றிப் பரீட்சைக் கட்டணம், நூல், இணையச் செலவு யாவற்றையுங் கூட்டிப் பார்க்க. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலரின் விலை சில மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தது. பிறநாட்டு நாணயத்தில் தவணைக் கட்டணஞ் செலுத்துவோர் இதனை மறத்தலாகாது. இடையில் விலகினாற் பணம் மீளுமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்க.

நான்காவது, நேரம். மாரிக்காலத்தில் நியூயோர்க்கில் மாலை 7 மணிக்கு நிகழும் விரிவுரை, இங்கே மறுநாட் காலை 5.30 மணிக்கு வரும். ஒப்படை சமர்ப்பிக்குங் கடைசி நேரமும் எந்நாட்டுக் கடிகாரப்படி என்பதை நோக்குக. கைப்பேசியில் விரிவுரை கேட்கலாம். நெடிய கட்டுரை எழுதக் கணினி வேண்டும். வீட்டில் இல்லையேல், அயலில் எங்கே உண்டெனச் சேருமுன் தேடிக்கொள்க.

ஐந்தாவது, விடாமுயற்சி. 2012 ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம் மின்சுற்றுகள் பற்றிய இலவச இணையப் பாடநெறியொன்றை நடத்தியது. பதிந்தோர் ஏறத்தாழ 155,000 பேர்; சான்றிதழ் பெற்றோர் ஏறத்தாழ 7,000 பேரே. நூற்றுக்கு ஐவருமில்லை! பார்த்துப்போக வந்தோரும் அவருட் பலர் ஆவர். எனினும், மணியடித்து அழைக்க ஒருவருமில்லாத வகுப்பிற் கற்பது எத்துணை அரிது என்பது இதனாற் புலனாகும். ஆதலின், முதலில் ஓர் இலவசப் பாடநெறியிற் சேர்ந்து முற்றாக முடித்துப் பார்க்க. நாடோறும் ஒரே நேரத்தில் அமர்ந்து படிக்கும் பழக்கம் உண்டாயின், பணஞ் செலுத்தும் படிப்பை எண்ணலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை வீட்டிலிருந்து படிக்கின்றான் என்றால், அவன் சும்மா இருக்கின்றான் என்பதன்று. வகுப்பு நேரத்திற் கடைக்கு அனுப்பாதீர்கள். படிக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள்.

அந்தத் தாயார் காப்புகளை மீட்டுவிட்டார். மகன் மீண்டும் முதலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமொன்றிற் படித்து வருகின்றார். இம்முறை விண்ணப்பத்தை அனுப்புமுன் நம்மிடங் கொணர்ந்தார். இருவரும் அமர்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.