உங்களுக்குத் தெரியுமா? மிருதங்கத்தின் கறுப்பு வட்டம் எதற்கு?

கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. வயலினும் புல்லாங்குழலும் ஒரே ஸ்வரத்தில் நிற்கின்றன. கண்ணை மூடினாலும் எது எது என்று தெரிந்துவிடும். காரணம், எந்த ஸ்வரமும் தனியாக வருவதில்லை. நொடிக்கு 240 அதிர்வு என்றால் 480, 720, 960 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். எந்த மடங்கு எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது, ஒலி எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நாதத்தின் குணம்.

தோலில் இந்தக் கணக்கு உதைக்கும். வெறும் தோலைத் தட்டினால் துணை ஒலிகள் 1.59, 2.14 மடங்கு என்று கோணல்மாணலாக வரும். ‘டம்’ என்ற சத்தம்தான் மிஞ்சும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை விதிவிலக்கு. கல்பொடியையும் வடித்த சோற்றையும் பிசைந்து, பூச்சுமேல் பூச்சாகத் தேய்த்து ஏற்றிய அந்தக் கறுப்பு வட்டம், அதாவது கரணை, நடுத்தோலைக் கனமாக்குகிறது. அதனால் துணை ஒலிகள் 2, 3, 4, 5 என்று ஒழுங்காக வரிசைக்கு வந்துவிடுகின்றன.

இதை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சர் சி.வி. ராமன் (உடன் எழுதியவர் சிவகாளி குமார்). ஒளி ஆய்வுக்காக நோபல் வாங்கியது அதற்குப் பத்து வருஷம் கழித்து! கரணை போட்ட கைகளுக்கோ இந்தச் சூட்சுமம் அதற்கும் வெகுகாலம் முன்பே காதுவழியாகத் தெரிந்திருந்தது.