வீடே பள்ளி – 7: ஆறு முழமும் ஒரு சாணும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு சர்ச் ஹாலின் பின்கதவு திறக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் பசையும் கத்தரிக்கோலும் அடைத்த டப்பா என்று அம்மாக்கள் வரிசையாக நுழைவார்கள். நான்கு நாள் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிற பள்ளி, ஐந்தாம் நாள் இங்கே ஒன்றாகக் கூடும். ‘கோ-ஆப்’ என்பார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் பாடம் எடுத்தால் இன்னொருவர் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்.

சட்டத்தைப் போன வாரமே சொல்லிவிட்டேன். வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று 1994-இல் லீப்பர் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது, இவை பாடத்தில் இருக்க வேண்டும். எப்படிச் சொல்லித் தருவது என்பது பெற்றோர் பொறுப்பு.

அன்றைக்குத் தாவீது, கோலியாத் கதை. ஐந்து, ஆறு வயதில் பன்னிரண்டு பிள்ளைகள். பாடம் எடுத்த அம்மா படம் எதையும் காட்டவில்லை. பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு, “கோலியாத் எவ்வளவு உயரம்? அளந்து சொல்லுங்கள்” என்றார்.

பைபிள் சொல்லும் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். அந்தப் பிள்ளைகளுக்கு ‘க்யூபிட்’ என்பது பைபிளில் மட்டுமே வரும் சொல். பூக்காரம்மா முழம்போட்டு மல்லிகை தருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தெருவில் புழங்குகிற அளவு.

முழங்கையைக் காகிதத்தில் பதித்து, விரல் நுனியில் கிரேயானால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி முழங்கை. ஆறு முறை. கடைசியில் விரலை விரித்து ஒரு சாண். முடித்துப் பார்த்தால் கோலியாத் ஏறக்குறைய அவர்கள் அப்பா உயரம்தான் வந்தான்! அதிலும் ஆளுக்கொரு உயரம். “என்னுடையதுதான் சரி” என்று சண்டை. அந்த அம்மா தீர்ப்புச் சொல்லாமல் தன் கையைப் பக்கத்தில் நீட்டினார். பிள்ளைகள் தங்கள் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். சத்தம் அடங்கிப்போனது.

பிறகு 45 சென்டிமீட்டர் முழத்தில் அளந்தார்கள். ஏறக்குறைய 2.9 மீட்டர். ஒரு பையன் கோலியாத்தின் பாதத்தில் குதிகாலை வைத்து மல்லாந்து படுத்தான். தலை தொடையில் பாதிவரைதான் எட்டியது. “தாவீது பயந்திருப்பான்” என்றான், படுத்தபடியே.

நான் மிகவும் மதிக்கும் காரியத்தை அதற்குப் பிறகு அந்த அம்மா செய்தார். சவக்கடல் சுருள்களில் கிடைத்த பழைய பிரதியிலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழம் ஒரு சாண் என்றுதான் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லி, 2 மீட்டரில் இன்னொரு கோடு போட்டார். “எது சரி?” என்றாள் ஒரு சிறுமி. “படிக்கிறவர்கள் இன்னும் தேடுகிறார்கள். நீயும் பெரியவளானதும் தேடு” என்றார்.

செய்முறைப் பாடம் என்ற பெயரில் காகித ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டவைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் பஞ்சு ஒட்டிய கைக்குக் கேள்வி வராது. முழம்போட்ட கைக்கு வரும். இங்குள்ள வீட்டுப் பள்ளிக்காரர்கள் பலர் போற்றும் இங்கிலாந்துக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923), ஆறு வயதுவரை முறையான பாடமே வேண்டாம், பிள்ளை வெளியில் திரிந்து பார்த்துத் தொட்டு அறியட்டும் என்றார். அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு நன்றாக விளங்கியது.

வீட்டுக்கு வந்தும் என் மகள் விடவில்லை. சோபா, நாய், குளிர்சாதனப் பெட்டி என்று எல்லாவற்றையும் அளந்தாள். இரவு பாளையங்கோட்டைக்கு வீடியோவில் பேசும்போது, “ஆச்சி, ஒங்க முழம் எவ்ளோ? கைய நீட்டுங்க” என்றாள்.

ஆச்சி கையை நீட்டிக் காட்டினார். “என் முழம் நல்ல நீளம்தான் மக்கா. ஆனா பூ வாங்கப் போனா பூக்காரி கைதானே கணக்கு?”

(தொடரும்)