எத்தனை அடி என்று மட்டும் கேட்டால் போதுமா?

புதிதாகப் போர் போட்டவரைப் பார்த்தால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை அடி?” அடுத்தது, “தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?” மணலில் கிடைத்ததா, பாறை வெடிப்பில் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுப் போருக்கு அது போதும். ஊருக்கே குடிநீர் தரும் கிணறுகளுக்குப் போதாது. இதைச் சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் நன்றாகவே காட்டிவிட்டது.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் அந்தச் சமவெளியில் வயலுக்கு அடியில் கிடப்பது பழைய ஆற்று மணல். பாலாறு ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஓடிக் கடலில் கலந்தது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு இந்த மணலை ஆராய்ந்தார்கள். அதன் பேரில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று மூன்று கிணற்றுத் தொகுதிகள் வந்தன. மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் தரும் என்று கணக்கு. 1987-ல் பூண்டி, கன்னிகைப்பேர் உள்ளிட்ட இன்னும் மூன்று தொகுதிகள் சேர்ந்தன.

வரைபடத்தில் இவை தனித்தனிப் புள்ளிகள்தான். ஆனால் புள்ளிகளுக்குக் கீழே தண்ணீர் தாங்கும் மணல் இரண்டு அடுக்காகப் பிரிகிறது: மேலே ஒரு நீர்த்தாங்கி, நடுவில் களிமண், அதற்கும் கீழே இன்னொரு நீர்த்தாங்கி. களிமண் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை. ஒரு கிணறு எந்த அடுக்கிலிருந்து எடுக்கிறது என்பதைத் தரையில் நின்று சொல்ல முடியாது. கேசிங் பைப்பின் தலை எல்லாக் கிணற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதைத் தீர்மானிப்பது துளையிடும் நாள்தான். ரிக் வண்டி கக்கும் மண்ணைக் குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு சிறு குவியலாக வரிசையாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். பழுப்பு மணல், பிறகு விரலில் ஒட்டும் களி, பிறகு பருமணலும் கூழாங்கல்லும். குழாய் இறக்குவதற்கு முன் மின்கருவியைத் துளைக்குள் விட்டு அடுக்குகளைச் சரிபார்ப்பதும் உண்டு. களி வரும் ஆழத்தில் மூடிய பைப், பருமணல் வரும் ஆழத்தில் தண்ணீரை உள்ளே விடும் ஃபில்டர் பைப். அந்த ஃபில்டர் பைப் எத்தனையாவது அடியில் தொடங்கி எத்தனையாவது அடியில் முடிகிறது என்ற இரண்டு எண்கள்தான் கிணற்றின் உண்மையான முகவரி. கிணற்றின் மொத்த ஆழம் அதைச் சொல்லாது. அந்த எண்கள் எழுதிய தாள் தொலைந்தால், பிறகு கேமராவை இறக்கியும் தண்ணீரின் வேதிக்கூறுகளைச் சோதித்தும்தான் ஊகிக்க வேண்டும்.

மீஞ்சூரில் அடுக்கு தெரிந்துதான் தோண்டினார்கள். கோட்டைவிட்டது வேறு இடத்தில்: அதே மணலில் யார் யார் குழாய் போட்டு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று சேர்த்துக் கூட்டவில்லை. குடிநீர் வாரியத்தின் கிணறுகள் ஒரு பதிவேட்டில். உழவர்களின் மோட்டார்கள் இன்னொரு துறையில். நீர்த்தாங்கிக்கு எல்லாம் ஒரே செலவுதான். கடலோர மணலில் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புநீரை அது தள்ளி வைக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே 40 அடி போச்சு. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1987-ல் சுமார் 9 கிலோமீட்டரை எட்டியது. அந்த ஆண்டுதான் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் கிராமங்களைப் பட்டியல் போட்டது. மணலுக்குக் கிராம எல்லை தெரியுமா என்ன! 2010 முதல் மீஞ்சூர் பெயரில் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 100 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள்.

நெய்வேலிப் பக்கம் கதை வேறு. அங்கே ஆழ்துளைக் கிணறுகள் எடுப்பது கடலூர் மணற்கல்லில் அழுத்தத்தோடு நிற்கும் நீர். அதை நிரப்புவது கிணற்றடியில் பெய்யும் மழையல்ல. அந்த மணற்கல் தரைக்கு மேல் தலைகாட்டும் பண்ருட்டி முந்திரிக்காட்டு மேடுகளில் பெய்யும் மழை. கிணற்றைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தால் பயனில்லை. காப்பாற்ற வேண்டிய நிலம் வேறு ஊரில் இருக்கிறது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுக்க நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கி வந்திருக்கிறது. அது நீர்த்தாங்கியின் படம். ஒவ்வொரு பொதுக் கிணற்றையும் அதன் அடுக்கோடு கோத்தால்தான் அந்தப் படம் ஊராட்சித் தலைவருக்கும் குழாய் திறந்துவிடும் ஆபரேட்டருக்கும் உதவும். இதற்குப் பெரிய செலவில்லை. மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவு, கட்டிய ஆண்டு, திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் பெயின்ட்டில் எழுதத்தான் செய்கிறோம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது: ஃபில்டர் பைப் இத்தனை அடி முதல் இத்தனை அடி வரை, இந்த நீர்த்தாங்கி.