ஒரு பவுண்டு காசு, ஒரு கிளாஸ் ஜின்... உலகம் சுற்றிய படகு விலைபோன கதை!

'ஜிப்சி மாத் 4' என்ற பாய்மரப் படகு 2004-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் கைமாறியது. விலை, ஒரு பவுண்டு நாணயமும் ஒரு கிளாஸ் 'ஜின் அண்ட் டானிக்' மதுவும்! அதே படகு 2010-ல் மறுபடியும் விற்பனைக்கு வந்தபோது சொல்லப்பட்ட விலை இரண்டரை லட்சம் பவுண்டு. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தப் படகுக்கு என்ன நடந்தது?

65 வயதில் ஒற்றை ஆளாக...

பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயருக்காக, கோஸ்போர்ட் நகரில் இருக்கும் 'கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ்' தளத்தில் 1966-ல் கட்டப்பட்ட படகு இது. மஹோகனி மரத்தாலான உடல், இரண்டு பாய்மரங்கள், ஐம்பது அடிக்கும் அதிகமான நீளம். பல ஆட்கள் சேர்ந்து ஓட்ட வேண்டிய அந்தப் படகை அவர் தனியாக ஓட்டிக்கொண்டு உலகைச் சுற்றக் கிளம்பினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

1966 ஆகஸ்ட் 27-ம் தேதி பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். 65-வது பிறந்தநாள் நடுக்கடலில் கழிந்தது. 107 நாள்களில் சிட்னியை அடைந்தார். வழியில் அவர் நின்ற ஒரே துறைமுகம் அதுதான். அங்கிருந்து கிளம்பிய மறுநாள் இரவே டாஸ்மன் கடலில் பேரலை அடித்து படகு தலைகுப்புறக் கவிழ்ந்து, பிறகு தானாகவே நிமிர்ந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. 1967 மே 28 அன்று பிளிமத் வந்து சேர்ந்தார். கடலில் ஓடிய நாள்கள் மொத்தம் 226.

ராணி இரண்டாம் எலிசபெத், கிரீனிச்சில் வைத்து அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். இத்தனைக்கும் சிசெஸ்டருக்குத் தன் படகின் மேல் பெரிய பிரியம் கிடையாது! சின்னக் காற்றுக்கே சாய்கிறது, நேராக ஓட மறுக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மரியாதையே வினையானது!

உலகம் சுற்றிய படகை மக்கள் பார்க்க வேண்டாமா? 1968-ல் கிரீனிச்சில், புகழ்பெற்ற 'கட்டி சார்க்' கப்பலுக்குப் பக்கத்தில் கரையேற்றி நிறுத்தினார்கள். பார்வையாளர்கள் ஏறி இறங்கியதில் மேல்தளம் தேய்ந்தது. கடைசியில் உள்ளே யாரும் நுழைய முடியாதபடி மூடிவிட்டார்கள்.

மரப்படகைப் பொறுத்தவரை, உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சை, உப்பில் எளிதில் வளராது. மேல்தள இடுக்குகளில் தேங்கும் மழைநீரில் செழித்து வளரும். வெயில் பட்டால் மரம் சுருங்கி விரிசல் விடும், அந்த விரிசல் வழியே மறுபடி மழைநீர் இறங்கும். ஆள் குடியில்லாத வீடு பாழாவதைப்போலத்தான் இதுவும். பேரலைக்குத் தாங்கிய படகு, ஏறத்தாழ 36 ஆண்டுகள் கரையில் நின்றே நைந்துபோனது.

மறுபடியும் கடலுக்கு...

படகை மீட்க வேண்டும் என்று 'யாட்டிங் மந்த்லி' பத்திரிகை பிரசாரம் தொடங்கியது. இளைஞர்களுக்குப் படகோட்டக் கற்றுத்தரும் யு.கே.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம் அந்த 'ஒரு பவுண்டு, ஒரு கிளாஸ்' விலைக்கு வாங்கியது. வாங்கியது மலிவுதான், ஆனால் சீரமைக்க லட்சக்கணக்கில் பவுண்டுகள் தேவைப்பட்டன. முதலில் கட்டிய அதே தளத்திலேயே வேலை நடந்து, 2005-ல் படகு மறுபடி தண்ணீரில் இறங்கியது.

அடுத்து, இரண்டாவது உலகச் சுற்று. இந்த முறை, வாழ்க்கையில் அடிபட்ட இளைஞர்கள் பலர் முறைவைத்து படகில் பயணம் செய்தார்கள். 2006 ஏப்ரலில் பசிபிக் கடலில் ரங்கிரோவா தீவருகே பவளப்பாறையில் மோதி படகின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். சில நாள் போராட்டத்துக்குப் பிறகு பாறையிலிருந்து மீட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கொண்டுசென்று பழுதுபார்த்தார்கள். 2007 மே 28-ம் தேதி, சிசெஸ்டர் திரும்பிய அதே நாளில், சரியாக 40 ஆண்டுகள் கழித்து பிளிமத் வந்து சேர்ந்தது படகு.

இப்போது விலை புரிகிறதா?

ஆறு ஆண்டுகளில் விலை ஏறியதற்குக் காரணம், படகின் பழம்பெருமை மட்டும் அல்ல. அந்தப் பெருமை 2004-லும் இருந்ததே! 2010-ல் விற்பனைக்கு வந்தது, கடலில் ஓடும் நிலையிலிருந்த படகு.

பழைய படகு வாங்குபவர்கள் பளபளக்கும் வார்னிஷைப் பார்த்து மயங்குவதில்லை. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஆய்வாளரை அழைத்துவந்து, சுத்தியலால் மரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல மரம் 'டங்' என்று ஒலிக்கும், உளுத்த மரம் 'சொத்' என்று சத்தம் தரும். ஈரப்பதம், அடிப்பகுதியின் கனத்தைத் தாங்கும் போல்ட்கள், பாய்கள், கயிறுகள் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். விலை அதற்குப் பிறகுதான். வாங்கிய பின்பும் வருடா வருடம் பராமரிப்புச் செலவு காத்திருக்கும்.

அந்தச் செலவு கட்டுப்படியாகாமல்தான் தொண்டு நிறுவனமும் படகை விற்க முன்வந்தது. வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்ற கவலை எழுந்தது. ஆனால் 2010-ம் ஆண்டு இறுதியில் பிரிட்டனைச் சேர்ந்த இருவரே வாங்கினார்கள். மறுபடி காட்சிப்பொருளாக நிறுத்தாமல், தொடர்ந்து கடலில் ஓட்டவே முடிவுசெய்தார்கள்.