சான்றிதழ் சேர்ந்தது, வகுப்பு மாறியதா?

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்த வேண்டுமென்றால் முதுகலைப் பட்டத்தோடு பி.எட்.டும் வேண்டும். அதே மாணவர்கள் கல்லூரியில் சேர்ந்ததும் முதலாண்டுப் பாடம் எடுக்கிறவருக்கு பி.எட். தேவையில்லை. நெட் அல்லது செட் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம் இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் 50 கேள்விகள், 10 தலைப்புகள். அதில் கற்பித்தல் திறனுக்கு வருவது ஏறக்குறைய 5 கேள்விகள். வகுப்புக்குள் நுழையும் முன் கற்பித்தலைப் பற்றிக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்கப்படுவது இவ்வளவுதான்.

மீதியைப் பணியில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் 'அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்ற பயிற்சி மையங்களை யு.ஜி.சி. உருவாக்கியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களிலும் இவை வந்தன. பின்னர் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின; 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். பெயர்ப்பலகை எப்படி மாறினாலும் ஆசிரியர்கள் பேச்சில் இருப்பவை இரண்டுதான்: 'ஓரியன்டேஷன்', 'ரெஃப்ரெஷர்'. இப்போது மூன்றாவதாக எஃப்.டி.பி. எனப்படும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி.

இந்தப் பயிற்சிகளுக்குப் பதவி உயர்வோடு நேரடி முடிச்சு உண்டு. 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. நெறிமுறையின்படி உதவிப் பேராசிரியர் முதல் படியிலிருந்து அடுத்த படிக்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன் முடித்திருக்க வேண்டும். அதோடு ஒரு ரெஃப்ரெஷர், அல்லது ஒரு வார எஃப்.டி.பி. போன்றவற்றில் இரண்டு, அல்லது சான்றிதழுடன் ஓர் இணையவழிப் பாடம் என்று சில வாய்ப்புகள். ஒரு கோணத்தில் இது நல்ல விதி. இல்லாவிட்டால் பலர் பயிற்சிப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சம்பளத்தோடு கட்டியதால் சான்றிதழே குறிக்கோளாகிவிட்டது.

2020 ஊரடங்கில் இது உச்சத்துக்குப் போனது. காலையில் ஒரு வெபினார், மாலையில் இன்னொன்று. யூடியூப் நேரலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கடைசியில் வரும் கூகுள் ஃபார்மை நிரப்பினால் மின்னஞ்சலில் சான்றிதழ். ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். நடத்தும் பாடங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாராவாரம் பயிற்சிக் கணக்கு, இறுதியில் தேர்வு மையத்துக்கே போய் எழுதும் தேர்வு என்று அவற்றில் உழைப்பு உண்டு. ஆனால் அங்கேயும் சோதிக்கப்படுவது ஆசிரியரின் பாட அறிவு. அதை அவர் மாணவர்களிடம் எப்படிக் கொண்டுபோகிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தால் என்ன தெரியும்? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டயேன் ஈபர்ட்-மேயும் அவரது குழுவினரும் பார்த்தார்கள். பயிற்சிப் பட்டறைகளுக்குப் போய்வந்த உயிரியல் ஆசிரியர்களிடம் முதலில் கேட்டார்கள். மாணவர்களை ஈடுபடுத்தும் முறைகளுக்கு மாறிவிட்டதாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். பிறகு அவர்களுடைய வகுப்புகளின் வீடியோக்களைப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் பழையபடி விரிவுரைதான் நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். 2011இல் வெளிவந்த இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப்படுவதற்குக் காரணம், அந்த ஆசிரியர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதே. மாறிவிட்டதாக உண்மையிலேயே நம்பினார்கள். நம் பயிற்சிகளின் கடைசி நாளில் நிரப்பும் கருத்துப் படிவத்துக்கு என்ன மதிப்பு என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பப் பயிற்சிகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். கூகுள் கிளாஸ்ரூமில் வகுப்பு தொடங்குவது எப்படி, மூடிலில் வினாடி வினா ஏற்றுவது எப்படி, இப்போது சாட்ஜிபிடியிடம் வினாத்தாள் கேட்பது எப்படி என்று பொத்தான் பொத்தானாகச் சொல்லித்தருவார்கள். அரங்கில் தாவரவியலும் தமிழும் வணிகவியலும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில். எல்லாருக்கும் ஒரே பிபிடி. பாடத்தோடும் கற்பிக்கும் முறையோடும் பின்னிப் பிணையாத தொழில்நுட்ப அறிவு வகுப்பில் உதவாது என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இலேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் அப்போது பணியாற்றியதும் அதே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம்தான். அங்கே அவர்கள் செய்துபார்த்தது எளிமையானது: பேராசிரியர்களையும் முதுகலை மாணவர்களையும் ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து உட்காரவைத்து, அந்தப் பேராசிரியர் அடுத்து நடத்தவிருந்த இணையவழிப் பாடத்தையே வடிவமைக்கச் சொன்னார்கள். மென்பொருள் போகிற போக்கில் பழகியது.

தமிழ்த் துறையிலிருந்து ஓர் உதாரணம். குறுந்தொகை முழுவதும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் தேடக்கூடிய எழுத்துக்கோப்பாகக் கிடைக்கிறது. இரவைக் குறிக்கும் 'யாமம்' எந்தெந்தத் திணைப் பாடல்களில் வருகிறது என்று மாணவர்களைத் தேடச் சொல்லலாம். தேடல் பெட்டியில் 'யாமம்' என்று அடித்தால் 'யாமத்து' அகப்படாது. உருபு ஏறினால் சொல்லின் வடிவம் மாறும், புணர்ச்சியில் முதலெழுத்தே கரையும், பதிப்புக்குப் பதிப்பு சீர் பிரிப்பதும் வேறுபடும். ஆகவே எதைத் தேடுவது என்று முடிவுசெய்ய மாணவர் முதலில் இலக்கணத்தைத் திறந்தாக வேண்டும். கணினிப் பயிற்சியாளர் இதைச் சொல்லித்தர முடியாது. தமிழ்ப் பேராசிரியர் சொல்லித்தரலாம், அவரே ஒருமுறை தேடி ஏமாந்திருந்தால்.

சில வேளைகளில் கருவியே இரண்டாம்பட்சம். ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் பரவலாக்கிய முறையைப் பாருங்கள். லாரியும் சிறு காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கூட லாரி என்பார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைப் பதிவுசெய்கிறார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஆசிரியர் வாய் திறப்பதில்லை; பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி வாக்கெடுக்கிறார். இதற்கு கிளிக்கர் என்ற விலையுயர்ந்த வாக்களிப்புக் கருவி வேண்டியதில்லை. வகுப்பில் கைப்பேசிக்குத் தடை இருந்தாலும், மாணவர்கள் அட்டையைத் தூக்கிப் பிடிக்க ஆசிரியர் கைப்பேசி மட்டும் அதைப் படிக்கும் பிளிக்கர்ஸ் போன்ற செயலிகள் உண்டு. செயலியைப் பழகக் கால் மணி நேரம் போதும். அந்த லாரிக் கேள்வியைப் போல் ஒன்றைத் தன் பாடத்தில் எழுதப் பழக ஒரு பருவம் ஆகும். பயிற்சிகள் அந்தக் கால் மணி நேரத்தை ஒரு வாரமாக நீட்டி, பருவத்தை விட்டுவிடுகின்றன.

மாணவர்களை இப்படி ஈடுபடுத்துவதால் பலன் உண்டா என்ற கேள்விக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு விடை கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனின் குழு, 260க்கு மேற்பட்ட மாணவர்கள் கொண்ட இரண்டு பெரிய வகுப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் மாணவரிடம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலி. மற்றதில் அனுபவம் குறைந்த, ஆனால் புது முறையில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர். ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 41 விழுக்காடு, இரண்டாவது 74. ஒரு வாரத்துச் சோதனையை வைத்து உலகத்தைப் புரட்ட முடியாதுதான். வீமன் அங்கே செய்த பெரிய காரியம் வேறு: துறைக்குத் துறை, அந்தப் பாடத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர்களை கற்பித்தல் துணைவர்களாக நியமித்தார். பேராசிரியர் பயிற்சி மையத்துக்குப் போகவில்லை. பயிற்சி துறைக்கு வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டது.

அப்படிப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் ஆசிரியர் பழைய வழிக்கே திரும்பிவிடுவார். காரணம் சோம்பல் அல்ல. ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஈடுபாட்டு முறையில் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். 'சார் பாடமே நடத்தறதில்ல' என்ற புகார் முதல்வர் அறைக்குப் போனால், வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பும் நாக் தர மதிப்பீட்டுக்கான கோப்பு வேலையும் தலைமேல் இருப்பவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பெருமளவு வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கோ பதவி உயர்வு என்ற ஏணியே கிடையாது. அந்த ஏணியில் கட்டிய பயிற்சி அவர்களை எட்டுவது அபூர்வம்.

சக ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் முறை வகுத்திருக்கிறார்கள். கோபஸ் என்ற அவதானிப்புப் படிவம் 2013இல் வெளியானது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். நல்லது கெட்டது என்று தீர்ப்பெழுத இடமில்லை. 50 நிமிட வகுப்புக்கு 25 வரிசைகள். படிவத்தைப் பயன்படுத்தப் பழக ஒன்றரை மணி நேரம் போதும், செலவு தாளும் பேனாவும். ஆனால் இதைச் செய்ததற்காக நம் ஆசிரியருக்கு எங்கும் கணக்கு ஏறாது. 2018 நெறிமுறையின் மதிப்பீட்டு அட்டவணையில் கற்பித்தலுக்கு ஒரு வரி இருக்கிறது: ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70 முதல் 80 வரை என்றால் 'திருப்திகரம்'.